பிளைண்ட் ஏற இன்னும் ஒன்றரை நிமிடம்: ஆல்-இன் போவதா, காத்திருப்பதா?

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நண்பர்களோடு கோவா போயிருந்தபோது, பனாஜியில் மாண்டோவி ஆற்றில் நிற்கிற கேசினோ கப்பல் ஒன்றில் போக்கர் டோர்னமென்ட் ஆடினோம். அதில் எனக்கு வந்த ஒரு கையைப் பற்றி எங்களுக்குள் இன்னும் விவாதம் ஓயவில்லை. விவரம் தருகிறேன், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஒன்பது பேர் உட்கார்ந்த டேபிள். லெவல் ஒன்றுக்கு 30 நிமிடம், அது முடிந்ததும் பிளைண்ட் ஏறும். பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்னாலேயே இருவர் கட்ட வேண்டிய தொகை, 1,500 (ஸ்மால்)/3,000 (பிக்); அதோடு பிக் பிளைண்டில் இருப்பவர் டேபிளுக்கே சேர்த்துக் கட்டும் ஆன்டி 3,000. அடுத்த லெவல் 2,000/4,000, ஆன்டி 4,000. என்னிடம் இருந்த சிப் 37,000. பரிசுப் பணம் தொடங்க இன்னும் நிறையப் பேர் வெளியேற வேண்டும், அதனால் பபிள், அதாவது பரிசுக்குச் சற்று முன்னால் வெளியேறுவது பற்றிய பயம் அப்போது இல்லை. சீட்டு போடும்போது திரையில் கடிகாரம் 1:40 காட்டியது. நான் அண்டர் த கன், அதாவது பிளைண்டுகளுக்கு அடுத்து, முதல் ஆளாக ஆட வேண்டிய இடம். அடுத்த கை எனக்கு பிக் பிளைண்ட். கையில் ஏஸ்-ஒன்பது, சூட்டட் (ஒரே இனம்) இல்லை. ஃபோல்ட் செய்தேன், சீட்டை விட்டுவிட்டேன்.

ஒரு நண்பன் ஃபோல்ட் சரி என்கிறான்: 12 பிக் பிளைண்ட் வைத்துக்கொண்டு முதல் ஆளாக ஏஸ்-ஒன்பதில் ஆல்-இன் போகச் சொல்லும் (இருக்கிற சிப் முழுவதையும் தள்ளச் சொல்லும்) சார்ட், அதாவது எந்தச் சீட்டுக்குத் தள்ளலாம் என்கிற அட்டவணை, எதுவும் இல்லை என்பது அவன் வாதம். இன்னொருவன், பிளைண்ட் ஏறி உன் தலையில் விழப்போகிறது, அதற்கு முன்னால் போயிருக்க வேண்டும் என்கிறான். மூன்றாமவன் சொல்வதுதான் எனக்குப் புதிது. சீட்டைப் பார்த்த உடனே தூக்கிப் போட்டிருந்தால் அடுத்த கை பழைய லெவலிலேயே தொடங்கியிருக்கும், பிக் பிளைண்டை மலிவாகக் கட்டியிருக்கலாம் என்கிறான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எனக்கு எதிரே இருந்த ஒருவர், லெவல் முடிய சில நிமிடம் இருக்கும்போதெல்லாம் ஒவ்வொரு கையிலும் யோசிப்பது போல இழுத்தார். குப்பைச் சீட்டு என்பது முகத்திலேயே தெரிகிறது, ஆனாலும் இழுக்கிறார். இதற்கு அனுமதி உண்டா?

எண்கணக்கு எழுதியது:

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம், நொய்யல்கரை. பேச்சு அப்புறம்.

உங்களிடம் 37,000. பழைய லெவலில் அது 12.3 பிபி (பிக் பிளைண்ட்), புதிய லெவலில் 9.25 பிபி. ஒரு சுற்றுக்கு ஆகிற செலவு முன்பு 7,500, ஏறிய பிறகு 10,000. பால் மேக்ரியல் பெயர் வைத்த 'எம்' கணக்குப்படி (கையிலிருக்கும் சிப்பை ஒரு சுற்றுச் செலவால் வகுப்பது) 4.9-லிருந்து 3.7-க்கு இறங்குகிறீர்கள்.

இப்போது மூன்றாவது நண்பர் சொன்னது. பிக் பிளைண்டைப் பழைய விலையில் கட்டினால் 6,000 போகும், புதிய விலையில் 8,000 போகும். அதற்கு அடுத்த ஸ்மால் பிளைண்ட் எப்படியும் புதிய லெவலில்தான், 2,000. எந்தக் கையும் ஆடாமல் இரண்டையும் கடந்து பட்டனுக்கு (டீலர் இடம்) வந்தால், முதல் வழியில் 29,000 இருக்கும், இரண்டாவது வழியில் 27,000. வித்தியாசம் 2,000, அதாவது அரை பிக் பிளைண்ட். அதற்காகக் கடிகாரத்தோடு ஓட்டப்பந்தயம் ஓடுவதில் பெரிய லாபம் இல்லை. 12.3 பிபி-யாக இருந்தவர் மூன்றே கையில் 7 பிபி-க்கு இறங்குவதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். கடிகாரம் எப்படி ஓடினாலும் அந்த இறக்கம் வரத்தான் போகிறது.

பட்டன்கலா எழுதியது:

எண்கணக்கு சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. நான் டீலர். முதலில் உல்லாசக் கப்பல்களில், பிறகு கோவாவில், டோர்னமென்ட் டேபிள்களில்தான் என் வேலை. நாளெல்லாம் அந்தக் கடிகாரத்துக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் டேபிளின் இந்தப் பக்கத்திலிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

ஒரு கை எந்த லெவலில் சேரும் என்பது சீட்டு போடும் நேரத்தை வைத்து முடிவாவதில்லை. டிடிஏ (டோர்னமென்ட் இயக்குநர்கள் சங்கம்) விதிப்படி, டீலர் சீட்டைக் கலைக்க முதல் தடவை கட்டைப் பிரித்துச் சேர்க்கும் கணத்திலேயே கை தொடங்கிவிட்டது. கலைக்கும் மெஷின் இருந்தால் அதன் பட்டனை அழுத்திய கணம். அதற்குப் பிறகு லெவல் ஏறியதாக அறிவிப்பு வந்தால் அந்தக் கைக்குப் பழைய பிளைண்ட்தான். அதற்கு முன்னால் வந்தால் புதிய பிளைண்ட். "இன்னும் சீட்டே போடவில்லையே" என்று ஆட்டக்காரர்கள் என்னிடம் வாதம் செய்வது வழக்கம். என் விரல் மெஷினைத் தொட்டதா இல்லையா என்பதுதான் அங்கே கேள்வி.

லைவ் டேபிளில் மணிக்கு 25 முதல் 30 கை ஓடும். ஒரு கைக்குச் சராசரியாக இரண்டு நிமிடம், சில நேரம் அதற்கும் மேல். சீட்டு போடும்போது 1:40 இருந்தது என்கிறீர்கள். யாராவது ஒருவர் ரைஸ் போட்டு (பந்தயத்தை ஏற்றி) மற்றவர்கள் ஃபோல்ட் செய்தால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அடுத்த கை பழைய லெவலில் வந்துவிடும். இரண்டு பேர் ஃப்ளாப் (நடுவில் திறக்கும் முதல் மூன்று சீட்டு) பார்த்துவிட்டால் வராது. நீங்கள் வேகமாக ஃபோல்ட் செய்து மிச்சப்படுத்துவது நாலைந்து வினாடி. மீதி நேரம் மற்ற எட்டுப் பேர் கையில் இருக்கிறது. ஆனாலும் உங்கள் முறை வந்ததும் தயங்காமல் போடுவது நல்ல பழக்கம். சிப்பை இருபது இருபதாக அடுக்கி வையுங்கள், ஆன்டியைக் கேட்பதற்கு முன்னால் எடுத்து வையுங்கள். ஒரு லெவலில் டேபிளுக்கே ஒன்றிரண்டு கை கூடுதலாகக் கிடைக்கும். முறை வருவதற்கு முன்னாலேயே சீட்டை வீசுவது மட்டும் கூடாது. அது விதிமீறல், எச்சரிக்கை வரும், தொடர்ந்தால் பெனால்டி.

உங்கள் எதிரே இருந்தவர் விஷயம். யோசிக்க நேரம் எடுப்பது உரிமை. வேண்டுமென்றே இழுப்பது மற்றவர்களின் கையைத் திருடுவது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அவர் ஒருவர் இழுக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒன்பது பேர் விலை கொடுக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கட்டி, பஸ் பிடித்து, லீவு போட்டு வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள். டேபிளில் இருக்கிற யார் வேண்டுமானாலும் 'கிளாக்' கேட்கலாம். ஃப்ளோர் (கண்காணிப்பாளர்) வந்து 25 வினாடி கொடுப்பார், பிறகு ஐந்து எண்ணுவார், எதிரே பந்தயம் இருக்கும்போது அதற்குள் முடிவு சொல்லவில்லை என்றால் சீட்டு செத்தது. முன்பெல்லாம் கிளாக் கேட்டாலே ஒரு நிமிடம் கிடைக்கும். 2016 வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவென்ட்டில் வில் கசூஃப் என்ற ஆட்டக்காரர் ஒவ்வொரு முடிவுக்கும் எடுத்துக்கொண்ட நேரம் எவ்வளவு பெரிய சண்டையானது என்று பார்த்திருப்பீர்கள். வேர்ல்டு போக்கர் டூர் ஷாட் கிளாக்கையே டேபிளில் வைத்துவிட்டது: ஒரு முடிவுக்கு 30 வினாடி, கூடுதல் நேரம் வேண்டுமானால் நேரத்துக்கென்றே தனியாகத் தந்த சில்லைக் கொடுக்க வேண்டும்.

கிளாக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒரு தடவை கேட்டுவிட்டால் பெரும்பாலும் இழுப்பவர் சரியாகிவிடுவார். டீலரான நான் கேட்க முடியாது, ஃப்ளோரைக் கூப்பிட்டு டேபிள் மெதுவாகப் போகிறது என்று சொல்லத்தான் முடியும். நீங்கள் கேட்டால் எங்களுக்கும் நிம்மதி.

ஈரோட்டு மஞ்சள் எழுதியது:

அக்கா, நல்ல விளக்கம். ஆனால் எண்கணக்கு பாதியில் நிறுத்திவிட்டார். ஏஸ்-ஒன்பதில் போயிருக்க வேண்டுமா வேண்டாமா?

என் கருத்து வேறு. பிளைண்ட் ஏறட்டும் என்று காத்திருப்பதே சரி. ஏறிய பிறகு ஆல்-இன் போய் எல்லோரும் ஃபோல்ட் செய்தால் 7,500-க்குப் பதில் 10,000 கிடைக்குமே. பானை பெரிதான பிறகு கரண்டியைப் போடுவதுதானே லாபம்?

எண்கணக்கு எழுதியது:

நீங்கள் சொல்வது பாதி இடங்களுக்குச் சரி, மஞ்சள். எந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நீங்கள் பட்டனிலோ அதற்கு முந்தைய இடமான கட்ஆஃபிலோ இருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒன்பது பேர் டேபிளில் பட்டன், கட்ஆஃப் தொடங்கி அண்டர் த கன் வரை ஏழு கை இலவசமாகப் பார்க்கலாம். பட்டனில் இருக்கும்போது லெவல் முடிய ஒரு நிமிடம் இருந்து, கையில் சந்தேகமான சீட்டு வந்தால், விட்டுவிடலாம். அடுத்த கை கட்ஆஃபிலிருந்து, பெரிதான பிளைண்டை நோக்கி ஆடலாம். காத்திருந்ததற்குச் செலவு எதுவும் இல்லை, பரிசு மட்டும் கூடியிருக்கிறது.

நொய்யல்கரை இருந்த இடம் இதற்கு நேர் எதிர். அவர் காத்திருந்தால் 10,000 வரைக்கும் கொட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பட்டனுக்கு வருவார். அங்கே 27,000 வைத்துக்கொண்டு ஆல்-இன் போனால், பிக் பிளைண்டில் இருப்பவர் 23,000 போட்டு 37,000-ஐ எடுக்கப் பார்ப்பார். 38 சதவீதம் ஜெயித்தாலே அவருக்குப் போதும். ராணி-எட்டு மாதிரிச் சீட்டை வைத்துக்கொண்டு கூட கால் செய்ய (பந்தயத்துக்கு ஈடாகப் போட) தோன்றும். அதே ஆள், அண்டர் த கன்னிலிருந்து வந்த 37,000 ஆல்-இன்னுக்கு 34,000 போட்டு 44,500 எடுக்க வேண்டும், 43 சதவீதம் தேவை. தவிர, முதல் ஆளாகப் போகிறவரிடம் பலமான சீட்டு இருக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். பானை பெரிதாவது உண்மை, ஆனால் அவருடைய கரண்டி அதற்குள் சின்னதாகிவிடுகிறது.

ஆல்-இன் சார்ட்டில் ஒரு குறை உண்டு. அது அந்த ஒரு கையை மட்டும் பார்த்துப் போட்டது. அடுத்த கையில் உங்கள் பாக்கெட்டிலிருந்து 8,000 போகப்போகிறது என்று அதற்குத் தெரியாது. இந்தக் குறைக்காகத்தான் ஐசிஎம் (சிப்பைப் பரிசுப் பண மதிப்பாக மாற்றும் கணக்கு) மென்பொருள்களில் எஃப்ஜிஎஸ் என்கிற கணக்கு வந்தது. அடுத்து வரப்போகிற கைகளையும் பிளைண்டையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லும். அதை ஓட்டிப் பார்த்தால், பிக் பிளைண்டை நெருங்குகிற ஷார்ட் ஸ்டாக்குக்கு (சிப் குறைந்தவருக்கு) ரேஞ்ச், அதாவது தள்ளத் தகுந்த சீட்டுகளின் பட்டியல், கொஞ்சம் விரியும், இப்போதுதான் பிளைண்டைக் கடந்தவருக்குக் கொஞ்சம் சுருங்கும். கொஞ்சம்தான். அதைச் சாக்காக வைத்து எதையும் தள்ளலாம் என்று ஆகாது.

என் தீர்ப்பு: ஏஸ்-பத்து வந்திருந்தால் யோசிக்காமல் போயிருக்கலாம். ஏஸ்-ஒன்பது விளிம்பில் இருக்கிறது. பின்னால் எட்டுப் பேர் இருக்கிறார்கள், ஏஸ்-பத்திலிருந்து ஏஸ்-ராஜா வரை அவர்களில் யாரிடமாவது இருந்தால் நீங்கள் பரிதாபமான நிலையில். ஃபோல்ட் செய்தது தவறில்லை. ஆனால் "சார்ட்டில் இல்லை" என்பதை மட்டும் காரணமாக வைத்து ஃபோல்ட் செய்தால், கணக்கில் பாதியைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

பட்டன்கலா எழுதியது:

மீதிப் பாதி, பின்னால் இருக்கிற எட்டுப் பேரின் சிப். அதைப் பார்க்காமல் ஏஸ்-ஒன்பதுக்குப் பதில் சொல்லவே முடியாது. உங்களைக் கால் செய்து தோற்றால் பாதி ஸ்டாக்கை இழப்பவர்கள், அதாவது 60,000, 80,000 வைத்திருப்பவர்கள் பிளைண்டில் இருந்தால் அவர்கள் தயங்குவார்கள், அப்போது தள்ளலாம். நாலு லட்சம் வைத்திருப்பவர் பிக் பிளைண்டில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தால், அவருக்கு 34,000 என்பது டீக்காசு, வேண்டாம். உங்களைவிடச் சின்ன ஸ்டாக்கும் தயங்காது, அவருக்கும் இதே அவசரம்தான்.

கடிகாரத்தைப் பயன்படுத்திக்கொள்ள வேறு இரண்டு நேரம் இருக்கிறது. இவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் தினமும் பார்க்கிறேன்.

ஒன்று, இடைவேளைக்கு முந்தைய கடைசிக் கை. திரையில் 0:30 இருக்கும், நான் கலைக்க ஆரம்பித்திருப்பேன், அதற்குள் பாதிப்பேர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். ஒருவர் சிகரெட் பாக்கெட்டைக் கையில் எடுத்தாயிற்று. ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டே எழுந்து நிற்கிறார். கழிப்பறையில் வரிசை நீளும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கையில் யாருக்கும் சண்டை போட மனமில்லை. ராணி-ஜாக், ஏஸ்-ஏழு எல்லாம் சர்ரென்று என் பக்கம் வரும். அமைதியாக உட்கார்ந்து சாதாரண ரைஸ் போடுகிறவர் பிளைண்டையும் ஆன்டியையும் அள்ளிக்கொண்டு கடைசியாக எழுந்து போவார். அவருடைய சீட்டு எப்படி இருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

இரண்டு, இடைவேளை முடிந்த முதல் கை. அறிவித்த நேரத்தில் நாங்கள் சீட்டு போட்டுவிடுவோம், காலி நாற்காலிக்கும் சேர்த்து. எல்லோருக்கும் சீட்டு போட்டு முடிக்கும்போது ஆள் தன் இடத்தில் இல்லை என்றால் அந்தக் கை செத்தது, அவர் பிளைண்டில் இருந்தால் பிளைண்ட் மட்டும் நடுவில் கிடக்கும். பெரும்பாலும் இடைவேளையோடு சேர்ந்துதான் லெவலும் ஏறியிருக்கும். புது விலை, பாதி ஆள். மூன்று பேர் உட்கார்ந்திருக்கிற டேபிளில் ஒன்பது பேருக்கான ரேஞ்சை வைத்துக்கொண்டு ஃபோல்ட் செய்துகொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கே மனசு கேட்காது, ஆனால் நான் வாய் திறக்கக் கூடாது. தயவுசெய்து இடைவேளையிலிருந்து நேரத்தோடு திரும்பி வாருங்கள். டீயைக் கையில் எடுத்துக்கொண்டாவது வாருங்கள்.

ஈரோட்டு மஞ்சள் எழுதியது:

இடைவேளை விஷயம் அருமை, அக்கா. நான் ஆடுவது எங்கள் வட்டத்தில், பணம் இல்லாமல், வீட்டில். 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வந்த பிறகு ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் பேச்சே இல்லை. எங்கள் வீட்டு ஆட்டத்தில் லெவல் 15 நிமிடம்தான். அதில் இதெல்லாம் எடுபடுமா?

பபிள் நேரத்தில் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

பட்டன்கலா எழுதியது:

லெவல் எவ்வளவு குட்டையோ அவ்வளவுக்கு இது முக்கியம், மஞ்சள். வேர்ல்டு சீரிஸ் மெயின் ஈவென்ட்டில் 60,000 சிப் கொடுத்து லெவலுக்கு இரண்டு மணி நேரம் ஓட்டுகிறார்கள். அங்கே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் பதற வேண்டியதில்லை. உங்கள் 15 நிமிடத்தில் ஆறேழு கைதான் வரும். ஒன்பது பேர் இருந்தால் ஒரு சுற்றுகூட முடியாது. அதாவது ஒரு லெவலில் சிலருக்கு பிக் பிளைண்டே வராது, சிலருக்குச் சரியாக ஏறிய உடனே வரும். அதனால் உங்கள் ஆட்டத்தில் இப்போதைய பிளைண்டை வைத்து ஸ்டாக்கை எண்ணவே எண்ணாதீர்கள். உங்களுக்கு அடுத்த பிக் பிளைண்ட் எந்த விலையில் வருமோ, அந்த விலையால் வகுத்து எண்ணுங்கள்.

வீட்டு ஆட்டத்தில் கடிகாரத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வையுங்கள். ஒருவர் போனில் மட்டும் ஓடினால் வீண் மனத்தாங்கல்தான் வரும். ஏறும் விலையையும் முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த லெவல் என்ன என்று தெரியாமல் இதில் எதையும் கணக்குப் போட முடியாது.

பபிளில், பல டேபிள் ஓடும்போது, ஃப்ளோர் 'ஹாண்ட் ஃபார் ஹாண்ட்' அறிவிப்பார். எல்லா டேபிளும் ஒரு கையை முடித்த பிறகுதான் அடுத்த கை. இழுத்துப் பிரயோஜனம் இல்லாமல் போவதற்காகவே அந்த ஏற்பாடு. உங்கள் வீட்டில் ஒரே டேபிள் என்றால் அதுவும் தேவையில்லை.

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நண்பர்களிடம் இந்தத் திரியைக் காட்டிவிட்டேன். அரை பிக் பிளைண்ட் கணக்கைப் பார்த்து மூன்றாமவன் இறங்கி வந்துவிட்டான். சார்ட் பேசியவன் இன்னும் சார்ட்டோடுதான் இருக்கிறான். எனக்குப் பின்னால் பிளைண்டில் இருந்தவர்களில் ஒருவரிடம் சுமார் 70,000, இன்னொருவரிடம் இரண்டரை லட்சத்துக்கு மேல். அக்கா சொன்னபடி பார்த்தால் ஃபோல்ட் பக்கம்தான் சாய்கிறது.

கடைசியாக ஒரு சந்தேகம். அந்த நேரத்தில் எங்கள் டேபிளை உடைக்கப்போகிறார்கள், அதாவது மூடிவிட்டு எங்களை மற்ற டேபிள்களுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. அது இந்தக் கணக்கை மாற்றுமா?

பட்டன்கலா எழுதியது:

நன்றாக மாற்றும். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

டேபிள் உடைந்தால் உங்களுக்குப் புதிய இருக்கை குலுக்கலில் வரும். அங்கே எந்த இடம் கிடைக்கிறதோ அந்த இடத்தின் கடமை உங்களுக்கு. பிக் பிளைண்ட் வரலாம், ஸ்மால் பிளைண்ட் வரலாம், பட்டனும் வரலாம். ஸ்மால் பிளைண்டுக்கும் பட்டனுக்கும் நடுவில் உட்கார வைத்தால் மட்டும் அந்தக் கை கிடையாது, பட்டன் கடக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஆக, அண்டர் த கன்னில் இருந்து அடுத்த கை பிக் பிளைண்ட் கட்ட வேண்டிய நீங்கள், புதிய டேபிளில் கட்ஆஃபில் போய் உட்கார்ந்து அந்த 10,000-ஐக் கட்டாமலேயே ஆறு கை ஆட வாய்ப்பு உண்டு. அந்த நிலையில் உங்களுக்கு அவசரம் குறைகிறது. ஏஸ்-ஒன்பதைத் தாராளமாக விடலாம். மாறாக, பிளைண்டை இப்போதுதான் கட்டி முடித்துப் பட்டனில் இருக்கிறவருக்கு உடைவது கெட்ட செய்தி, அவர் மறுபடியும் கட்ட நேரலாம்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டேபிளை உடைக்காமல், ஆள் எண்ணிக்கையைச் சமன் செய்ய ஒருவரை மட்டும் நகர்த்தும்போது இந்த அதிர்ஷ்டம் கிடையாது. அடுத்து பிக் பிளைண்ட் வரப்போகிறவரைத்தான் எடுப்பார்கள், புதிய டேபிளில் இருப்பதிலேயே மோசமான இடத்தில்தான் உட்கார வைப்பார்கள்.

எந்த டேபிள் எந்த வரிசையில் உடையும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தீர்மானித்ததுதான். ஃப்ளோரிடம் கேட்டால் சொல்வார், சில இடங்களில் திரையிலேயே ஓடும். அடுத்த தடவை போகும்போது உட்கார்ந்த உடனே உங்கள் டேபிள் எண் அந்த வரிசையில் எங்கே இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.